செவில் நகரத்தில் என் மனைவி போட்ட சத்தம்

நான் முப்பது வருடம் போலீஸில் இருந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூர் திருவிழாக் கூட்டத்தை "சத்தம் போடாதே" என்று அதட்டியே பழகிய தொண்டை எனக்கு.

ஸ்பெயினில் செவில் நகரத்தில் மகன் வேலை பார்க்கிறான். ராஜபாளையத்திலிருந்து நானும் மனைவியும் போயிருந்தபோது, சுற்றுலா வருகிறவர்களுக்காக ஃபிளமெங்கோ ஆட்டம் நடத்தும் ஒரு சின்ன அரங்குக்கு அழைத்துப் போனான். மைக் கிடையாது. ஐம்பது நாற்காலிகள், ஒரு பலகை மேடை. கூட்டம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது.

என் வயதுள்ள ஓர் அம்மாள் ஆட வந்தார். கனத்த உடம்பு. காலால் பலகையைப் படபடவென்று அடித்துச் சட்டென நின்றார். அந்த நொடியில் என் மனைவி, "அடி சக்கை!" என்று கத்திவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஏட்டி, வாயை மூடு. மானம் போகுது" என்று அவள் கையை அழுத்தினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

ஆடிய அம்மாளோ நேராக அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். கிதார் வாசித்தவர் "ஓலே!" என்றார். ஆட்டம் சூடு பிடித்தது.

"இங்க இப்படிக் கத்துறதுதான்ப்பா மரியாதை. அம்மா சரியான இடத்துல கத்திட்டாங்க" என்றான் மகன்.

கையை விட்டேன். "இன்னும் கத்து" என்றேன்.

"நீங்க கத்துங்க, பாப்போம்" என்றாள் அவள்.

வாயைத் திறந்தேன். ஊரையே அடக்கிய தொண்டைக்கு ஒருவரைப் பாராட்டச் சத்தம் வரவில்லை.

இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். காலையில் காபி நன்றாக இருந்தால் கூடத்திலிருந்தே "அடி சக்கை!" என்று கத்துகிறேன்.

"மெதுவா. தெருவுக்கே கேக்குது" என்கிறாள், அடுப்படியில் சிரித்துக்கொண்டே.