காண்டாமிருகக் கொம்பு உரைத்த நாள்

தென்காசியில் நான் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த காலம். பர்மாவுக்கு யுத்தம் வருவதற்கு முந்தி, அங்கிருந்து வந்த வியாபாரி ஒருவர் எனக்கு ஒரு காண்டாமிருகக் கொம்பை விற்றார்.

"அது வந்து பொரளுத சேத்துக்குழிப் பக்கத்துல மூணு நாளு காத்துக் கெடந்து சுட்டிருக்காவ. அந்தக் காட்டுல இனி வேற கெடையாது, அண்ணாச்சி," என்றார். அரிய சரக்கு என்று எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

அந்த ஆனி மாதம் அச்சன்புதூர்க்காரி ஒருத்தி, வயலில் பாம்பு கடித்த புருஷனை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியில் என் கடை முன்னால் நிறுத்தினாள்.

"ஒங்ககிட்ட விஷத்துக்குக் கொம்பு இருக்காமே. இங்கனயே பாக்கட்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா, அண்ணாச்சி?"

"எறக்கு தாயி, இது போதும்."

கொம்பைக் கல்லில் உரைத்து மூன்று முறை புகட்டினேன். அவருடைய இமைகள் தொங்கின, பேச்சு குழறியது. பயந்துபோய் நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று கையை விட்டார். நான் கொம்பைக் காட்டினேன்.

"இதுவும் நம்ம நகமும் ஒண்ணுதான்யா. நேரே வந்திருந்தா ஊசி போட்டிருப்பேனே!"

பதினாறாம் நாள் கழிந்து அவள் கடைக்கு வந்தாள். "நீங்க ஒங்களால ஆனதச் செஞ்சீய," என்று கும்பிட்டாள். டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றே கொம்பைச் சிற்றாற்றில் எறிந்தேன். பர்மாக் காட்டில் ஒரு மிருகம், இங்கே ஒரு மனிதர். இரண்டு உயிரும் வீணாகப் போயின. அவள் கும்பிட்டபோது நான் வாயைத் திறக்காமல் நின்றதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.