சும்மா போகுது

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது குழம்புகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே இருக்கிறது. மேலூர்ப் பக்கம் இல்லை, அதற்கும் தெற்கே. மேலக்கண்மாய் நிரம்பி, கலுங்குச் சுவரைத் தாண்டி வழிகிற தண்ணீர்தான் எங்கள் கண்மாய்க்கு வரும். அதை மறுகால் என்போம். அதற்கு மடை இல்லை, திறந்துவிட ஆளும் வேண்டாம். அதை நம்பித்தான் நாங்கள் நெல் போடுவோம்.

தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். வைகைத் தண்ணீரை எந்த ஊருக்கு எவ்வளவு பங்கிடலாம், எங்கே சேமிக்கலாம் என்று திட்டம் போட அதிகாரிகள் வந்தார்கள். மேலக்கண்மாய்க் கரையில் கூட்டம். பெண்கள் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். நான் தலையே நிமிரவில்லை. வெளியூர்க்கார இன்ஜினியர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

“இந்த மறுகால் தண்ணி என்னம்மா ஆகுது?”

“அது சும்மா போகுது சார்.”

யார் கையும் படாமல் தானாக எங்களிடம் வந்து சேர்கிறது என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் திட்டத்தை வாசித்துக் காட்டினார்கள். மறுகால் நீர் வீணாகப் போவதாக ஊர்ப் பெண்களே சொல்கிறார்களாம், அதனால் கலுங்கை உயர்த்தப் போகிறார்களாம்.

என் வீட்டுக்காரரின் தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னார். “இம்புட்டு வருசமா வாயத் தொறக்காதவுக, ஒத்த வார்த்தையில ஊர்த் தண்ணிய அடைச்சுப்புட்டீகளே மதினி.”

சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி இருந்தேன்.

மறுநாளே பஸ் ஏறி மதுரை ஆபீசுக்குப் போனேன். அந்த இன்ஜினியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மேசையில் இருந்தவர், “என்னத்தா வேணும்?” என்றார்.

“சும்மான்னா வீணுன்னு அர்த்தம் இல்லய்யா.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“அப்ப சும்மாதான் வந்தீகளா?”

“ஆமாய்யா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கலுங்கின்மேல் ஒரு முழம் சுவர் ஏறியது. அந்த ஐப்பசியில் மேலக்கண்மாய் தளும்பி நின்றது, எங்கள் நாற்று கருகியது.

அந்தத் திட்டக் காகிதம் ஆபீசில் இன்னும் இருக்கும். எந்த வருஷம், நான் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வீண் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருப்பேனோ என்றும் சில நாள் தோன்றுகிறது.