பாதிச் சேலை

பிள்ளைப்பேற்றுக்கு வேண்டியதையெல்லாம் அம்மா வயிற்றைத் தூக்கிக்கொண்டு தானேதான் சேர்த்தாள். ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எஸ்டேட் லாரி வர வேண்டும். லாரிக்கு டிரைவர் வேண்டும். டிரைவருக்கு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்ல வேண்டும். இத்தனை பேருக்கும் காத்திருந்து எந்தப் பிள்ளையும் பிறக்காது என்பது எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் சில்வர் ஓக் விறகு காய்ந்து அடுப்படியில் அடுக்கியிருந்தது. பிரிக்காத பிளேடு, வெள்ளை நூல், விளக்கெண்ணெய், சுக்கு, பூண்டு, கருப்பட்டி எல்லாம் ஒரு தகர டப்பாவில் இருந்தன. வெந்நீர் போடும் பெரிய குண்டான் ஒன்றுதான் அப்பா சந்தையிலிருந்து வாங்கி வந்தது. பழைய துணி மட்டும்தான் பாக்கி.

பழைய துணிக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? உடுத்துவதெல்லாமே பழையதுதான். ஆனால் அதில் எதையும் அம்மா எடுக்கவில்லை. எனக்குப் பின் பிறந்த தம்பிகள் இரண்டு பேரும் தீட்டுக் கழியும் முன்பே போய்விட்டவர்கள். உன் வீட்டுத் துணியில் விழுந்த பிள்ளை தங்கவில்லை, இதையாவது பிச்சைத் துணியில் ஏந்த வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அதுவும் கண்ட வீட்டுத் துணி ஆகாதாம். பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக்கூடப் பறிகொடுக்காதவள் கையால்தான் வாங்க வேண்டுமாம்.

எங்கள் லைனில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். அவள் என் சித்தி, அப்பாவுடைய தம்பியின் மனைவி. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனால் இரண்டாவது தம்பி போன அன்று, சித்தியின் கண் பட்டுத்தான் பிள்ளை போயிற்று என்று லைன் முழுக்கக் கேட்கும்படி அம்மா சொல்லிவிட்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குழாயடிக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் பாதிக் குடத்தோடு நடையைக் கட்டிவிடுவாள். உப்புக்கூட இரவல் கேட்காத அம்மா இப்போது அந்த வாசலில் போய் மடியேந்த வேண்டும்.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகும் முன்பே அம்மா தலைக்குக் குளித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அடுத்த வாசலுக்கு நேராகப் போகவில்லை. பிச்சைக்கு வருகிறவர்களைப் போல லைனை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனாள். என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைக்குட்டி முதுகில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையை விரித்து ஏந்தினாள். ஒரு காலத்தில் வாடி போடி என்று கூப்பிட்ட, தன்னைவிட இளையவளிடம் என் அம்மா சொன்னது இதுதான்:

“தாயி, புள்ளைய ஏந்தப் பழைய துணி இருந்தாப் பிச்சை போடு தாயி.”

சித்தி நிமிர்ந்து அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். அவள் இல்லை என்றுவிட்டால் அம்மாவுக்குப் போக வேறு வாசல் கிடையாது. ஏந்திய முந்தானையை இறக்காமல் நின்றாள். பிறகு சித்தி முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது அவள் கையில் நைந்துபோன பச்சைச் சேலை ஒன்று இருந்தது. தன் மூன்று பிள்ளைகளையும் அவள் பெற்றது அந்தச் சேலையில்தான். அதைப் போட வந்தவள் கடைக்குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பின்பு ஓரத்தைப் பல்லால் கடித்து, சேலையை நடுவாகக் கிழித்து, ஒரு பாதியை அம்மாவின் முந்தானையில் போட்டாள்.

“மிச்சம் எங்கிட்டயே இருக்கட்டுங்க அக்கா,” என்றாள்.

அம்மா அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். கந்தலைக்கூட முழுசாகக் கொடுக்க மனம் வராதவள், எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“அப்பிடிச் சொல்லாத சாமி. அவ எடத்துல நானிருந்தா ஒரு நூலுகூடக் குடுத்திருக்க மாட்டேன்.”

பிள்ளை பெற்ற துணியைத் தானம் கொடுத்தால், கொடுத்த வீட்டுப் பிள்ளைகளின் ஆயுசும் அதோடு போய்விடும் என்று லைனில் ஒரு பயம் உண்டு. நான் பெரியவளான பிறகுதான் அது என் காதுக்கு வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி கஞ்சம் என்பதுதான்.

அந்த வாரமே தம்பி பிறந்தான். யாரும் கூப்பிடாமலே சித்தி வந்து அடுப்படியில் உட்கார்ந்து வெந்நீர் காய்ச்சினாள். மருத்துவச்சி பச்சைத் துணியில் பிள்ளையை ஏந்தினாள். பிச்சை என்றே பெயர் வைத்தார்கள். நாளுக்கு நாள் முகம் தெளிந்து நன்றாகப் பால் குடித்தான். ஆனால் அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டு தடவை ஏமாந்தவள்.

அப்போதுதான் சித்தியின் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மாவால் தீட்டு வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. என்னைத்தான் ஓயாமல் அனுப்பினாள்.

“போய்ப் பாத்துட்டு வா கண்ணு, கஞ்சி குடிச்சானான்னு.”

நானும் போய்ப் போய் வந்தேன். சித்தி எங்கள் வீட்டுப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, மிச்சப் பாதிச் சேலையை மகன்மேல் போர்த்தி மடியில் கிடத்தியிருந்தாள். என்னைப் பார்த்தால் தம்பி எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்பாள். இந்தப் பக்கம் வந்தால், தம்பி பாலுக்கு வீரிட்டுக்கொண்டிருக்க, அம்மா அதே சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருப்பாள். தன் பிள்ளை கத்துவது காதில் விழாமல் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு கரிசனம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் காலையில் கடைக்குட்டி எழுந்து உட்கார்ந்து பன்னு கேட்டான். நான் ஓடிவந்து சொன்னேன். தம்பி பிழைத்ததற்குக் கண்ணீர் விடாத அம்மா, அதைக் கேட்டதும் சுவரில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம் எழுந்தது. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இரண்டு பேரும் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அழுகிறவர்களை விட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.