பெரிய நம்பர் ப்ராசசர்

என் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போன கடிதத்தில், "பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறான்" என்று ஒரு வரி இருந்தது. பொய் என்று சொல்லிவிட முடியாது. கல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில்தான் நான் குமாஸ்தா. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளுகுளு அறை அது. உள்ளே மற்றவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார்கள். நான் அதற்கு வேண்டிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு ஓரமும் ஓட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக வருமே, அந்த அகலக் காகிதம். எத்தனை பெட்டி வந்தது, எத்தனை தீர்ந்தது, பிரிண்டருக்கு ரிப்பன் எப்போது மாற்ற வேண்டும் என்பதிலெல்லாம் என்னை யாரும் அசைக்க முடியாது.

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் நான்தான் கம்ப்யூட்டர் நிபுணன். தெற்கத்திக்காரன் என்றால் கணக்கும் கம்ப்யூட்டரும் பிறவியிலேயே வந்துவிடும் என்று வங்காளிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எதிர்வீட்டு தாதா, அதாவது எதிர்வீட்டு அண்ணன், தன் மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்கூட என்னிடம்தான் வந்து கேட்பார். நான் மோவாயைத் தடவிக்கொண்டு, "வைரஸாக இருக்கும்" என்பேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிட்டது. அவர் குற்றமில்லை, என் குற்றமுமில்லை.

இரண்டாயிரத்து இரண்டு, மூன்று வாக்கில் என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். வங்காள மொழியில் ஒரு சொல் தெரியாது. இந்தி, பள்ளிக்கூடத்துக்கு வெளியே ட்யூஷனில் கொஞ்சம் படித்தது. அவள் தம்பி கல்லூரிப் படிப்புக்காகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டில் இருந்தது. அக்காவும் தம்பியுமாக அதில் கார் பந்தயம் ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

"அம்மா ஞாபகங்கூட அவ்வளவா வரல. அந்தக் காரு ஞாபகந்தான் வருது" என்றாள் ஒரு நாள்.

பூஜா போனஸ் வந்ததும் நமக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க இருக்கையில நமக்கென்ன கவல? எது நல்லதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா" என்றாள். அவள் நெஞ்சாரச் சொன்னாள். என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி அத்தனை தூரம் ரயிலேறி வந்திருக்கிறாள். அந்த நினைப்பு மட்டும் கலைந்துவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு. கம்ப்யூட்டர் ஓடுவதும் ஓடாததும் அப்புறம்.

சனிக்கிழமை மெட்ரோ ஏறி சாந்தினிக்குப் போனோம். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சந்து. ஒரு ஆள் அகலத்துக்குக் கடை, அதற்குள் நாலு ஆள். கடைக்கார தாதா எங்கள் பட்ஜெட்டைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான ப்ராசசர் இரண்டை எடுத்து வைத்தார். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் வேகம் ஆயிரத்து எழுநூறு என்று போட்டிருந்தது. மற்றதில் ஆயிரத்து முந்நூறு.

நான் மார்க் பார்த்தே வளர்ந்தவன். என் வீட்டில் எழுநூறு வாங்கியவனுக்குத்தான் பாயசம், முந்நூறு வாங்கியவனுக்கு முதுகில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுநூறைத் தொட்டேன்.

அவள் என் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள். "ஏங்க, தம்பி சொன்னான். அந்தப் பெரிய நம்பர்க்காரன் வெளிய காட்டிக்கிடுத வேகம் உள்ள கெடையாதாம். உள்ளுக்குள்ள இருக்க மெமரியக் கொறச்சிட்டுத்தான் மலிவா விக்கானாம். கேமுக்கு மத்ததுதான் நல்லதுன்னான்."

"உன் தம்பி கம்ப்யூட்டரைப் படிக்கிறான். நான் டிபார்ட்மென்ட்டுலயே இருக்கேன்" என்றேன். கடைக்காரருக்கு அதை வங்காளத்தில் வேறு சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள். என் கெட்டிக்காரத்தனத்தை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பூட்டி ஓட்டிப் பார்த்தால், கார் சாந்த்ராகாச்சி யார்டில் ஷண்டிங் ஆகும் கூட்ஸ் வண்டி மாதிரி நின்று நின்று போனது. வளைவு வந்தால் போதும், இழுத்துக்கொண்டு நிற்கும். அவள் படத்தின் நேர்த்தியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் நிழல்கள் போயின. பிறகு மரங்கள் போயின. ஒரு வாரத்தில் சாம்பல் நிறச் சாலையும் அதில் ஒரு காரும்தான் மிச்சம். அப்போதும் திக்கித் திக்கித்தான் ஓடியது.

நான் காரணங்களுக்குக் குறை வைக்கவில்லை. வோல்டேஜ் சரியில்லை என்று ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டேன். கல்கத்தாவின் ஈரக் காற்று ஆகாது என்று மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். நாங்கள் வேர்த்து வழிந்தோம், கம்ப்யூட்டர் காற்று வாங்கியது.

அடுத்த ஞாயிறு காலை, ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தாள். "தெறந்து பாருங்களேன். ப்ராசசருக்கு மேல இருக்க ஃபேன் சரியா உக்காரலயோ என்னமோ."

திறந்தேன். உள்ளே பச்சைத் தகடும் ஒயர்களும் கிடந்தன. இருப்பதிலேயே பெரிய ஃபேன் மேலே ஒரு இரும்புப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நிபுணன் தோரணையில் அதை உற்றுப் பார்த்து, "ப்ராசசர் ஃபேன் நல்லாத்தானே சுத்துது" என்றேன்.

அவள் என்னையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது கரண்டு வார பெட்டிங்க. பவர் சப்ளை. ப்ராசசர் இந்தா, கீழ இருக்கு."

குட்டு உடைந்துவிட்டது. அசடு வழிய நின்றேன். இனி முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காகிதம், ரிப்பன், குளுகுளு அறை வாசலில் செருப்பு, எல்லாம்.

"பேப்பரா?" என்றாள்.

"பேப்பர்தான்."

அவள் சிரித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "தெரியாதது ஒண்ணும் தப்பில்ல. எங்கப்பாவுக்குந்தான் தெரியாது. தெரிஞ்சவ வாயையும் சேத்து அடைச்சீங்கள்லா, அதுவும் ஒரு கடைக்காரன் முன்னால சிரிச்சுக்கிட்டு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிப் போனது. "சாப்பாடு இருக்கு." "பால் வந்தாச்சு." யார் யாரிடம் சொல்கிறார்கள் என்றே தெரியாத வாக்கியங்கள். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. சனிக்கிழமை காலை நானே வாயைத் திறந்தேன். "கிளம்பு. மாத்திடலாம். இந்தத் தடவை நீதான் பேசணும்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போதாத காலம், படியில் எதிர்வீட்டு தாதா பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாராம், நான் எதைக் கைகாட்டுகிறேனோ அதுதானாம். மூன்று பேராகப் போனோம்.

கடையில் அவள் தன் உடைந்த இந்தியில் ஆரம்பித்தாள். இதை எடுத்துக்கொண்டு ஆயிரத்து முந்நூறைக் கொடுங்கள், அதற்கேற்ற போர்டையும் மாற்றுங்கள். கடைக்காரர் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். அவள் இன்னொன்று கேட்டாள், அதற்கும் என்னைப் பார்த்தே பதில். "தாதா, நம்பர் குறையுதே, பௌதிக்கு விளங்கலயோ?" என்று அவளை அண்ணியாக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எதிர்வீட்டு தாதாவும் என் தீர்ப்புக்காக முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், என் கௌரவம் அப்படியே இருந்திருக்கும்.

"ஆமி கிச்சு ஜானி நா" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. குரல் வேண்டியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "நான் ஆபீஸில் காகிதம் எண்ணுகிறவன். என் மனைவிக்குத்தான் தெரியும். இவரைக் கேளுங்கள்."

சந்தில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காது இரண்டும் பற்றி எரிந்தது. எதிர்வீட்டு தாதா, "அப்போ அந்த வைரஸ்?" என்று மெல்லக் கேட்டார்.

கடைக்காரர் தன் முக்காலியை எடுத்து அவளுக்குப் போட்டார். மண்குவளையில் தேநீர் முதலில் அவளுக்குத்தான் வந்தது. "நம்பரை வெச்சு வண்டி ஓடாது" என்று அவள் இந்தியில் தப்பும் தவறுமாகச் சொல்ல, எதிர்வீட்டு தாதா நகர்ந்து அவள் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் ஓரமாக நின்று பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததைக் கீழே வைத்த மாதிரியும் இருந்தது.

மத்தியானம் வீட்டில் பூட்டியாயிற்று. மரங்கள் திரும்ப வந்தன, நிழல்கள் வந்தன, வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு போனது. அவள் இரண்டு சுற்று தனியாக ஓட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினாள். திரையில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. விளக்கு வைக்கும் வரை பதினொரு பந்தயம் ஓட்டினோம். பதினொன்றிலும் தோற்றேன். ஓரிடத்தில்கூட அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"மூஞ்சியத் தூக்காதீங்க" என்றாள். "ஓட்டத் தெரியுமா, தெரியாதா? வாயத் தெறந்து சொல்லுங்க, சொல்லித் தாரேன்."

"தெரியாது" என்றேன். கடையில் சொன்னதைவிட இது சுலபமாக வந்தது. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, சரியான பொத்தான்களின் மேல் வைத்தாள்.