இறங்கிய பாதை

கொள்ளிடப் பாலத்தின் நடுவே வந்ததும் என் மனைவி நின்றுவிடுவாள். ஆற்றைப் பார்க்கிறாள் என்று கடந்துபோகிறவர்கள் நினைப்பார்கள். எழுதிக்கொண்டிருப்பதன் அடுத்த வரி அவளுக்கு அங்கேதான் கிடைக்கும். கிடைத்ததும் முகம் தெளிந்து, "போலாங்க" என்பாள்.

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். எனக்குத் திருச்சியில் ரயில்வே குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் நடக்கக் கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் மண்ணச்சநல்லூர், இன்னொரு வாரம் கல்லணை. ஒரு பெண்பிள்ளை இப்படியா ஊர் சுற்றுவாள் என்று தெருவில் பேசினார்கள். அவளுடைய பயணக் கட்டுரைகள் சென்னைப் பத்திரிகையில் வர ஆரம்பித்ததும் அதே வாய்கள் "அடுத்து எந்த ஊரு?" என்று கேட்டன.

பிறகு அவளுக்கு மூட்டுவாதம் வந்தது. முழங்கால்கள் வீங்கி, வாசற்படி இறங்குவதே பெரும்பாடாயிற்று. எழுதுவதை விட்டுவிட்டாள். பத்திரிகையிலிருந்து கேட்டும் பதில் போடவில்லை. ஒரு ஞாயிறு காலை நான் சட்டையை மாட்டிக்கொண்டு, "மண்ணச்சநல்லூர் வரைக்கும் போயிட்டு வரேன். உனக்கு என்ன பார்த்துட்டு வரணும்?" என்று கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். பிறகு, "ரைஸ்மில் களத்துல நெல்லு காயப்போடறவங்க தலையில என்ன கட்டியிருக்காங்கன்னு பாருங்க" என்றாள்.

நான் வழியில் எதையும் கவனிக்கிற ஆள் இல்லை. திரும்பி வந்து "துண்டுதான்" என்றேன். "என்ன கலர்? ஈரத்துணியா, காஞ்சதா?" விழித்தேன். சிரித்துவிட்டாள். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு அது. அடுத்த வாரமே மறுபடியும் போனேன். அப்படியே பழகிப்போயிற்று. நான் நடந்துவந்து சொல்வேன், அவள் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுவாள். அச்சில் படிக்கும்போது, அதே பாதையில் அவள் எனக்கு முன்னாலேயே போய்வந்துவிட்டது போலிருக்கும்.

பச்சைமலை அவளுடைய நெடுநாள் ஆசை. இதயமும் பலவீனப்பட்டு, திருச்சி புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, "நீங்க போயிட்டு வாங்க. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று விரட்டினாள். அவள் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனேன். துறையூர் வரை பஸ், அப்புறம் நடை.

திரும்பியதும் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். அடிவாரத்து மூங்கில், மூச்சு வாங்க வைத்த ஒற்றையடிப் பாதை, மேலே தினைக்கொல்லையில் யாரோ கிளி விரட்டிய குரல். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டாள். என் பேச்சில் நான் மேலே போய்ச் சேர்ந்ததும், "இறங்கினதை நாளைக்குக் கேட்டுக்கறேங்க, தூக்கம் வருது" என்றாள். விடிவதற்குள் நினைவு தப்பியது. பிறகு திரும்பவேயில்லை.

இன்றும் வெளியே போனால் கண் தானாக அவளுக்காக எதையாவது பொறுக்கிக்கொள்கிறது. வீடு வந்ததும் அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரிவதில்லை. எனக்கு எழுத வராது. இருந்தாலும் அவள் கேட்காமல் விட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இறங்கும் வழியில், மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, வேகவைத்த கிழங்கு கொடுத்தாள். "இவ்வளவு தூரம் தனியா யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா. என் சம்சாரம் எழுதறவ. அவளால நடக்க முடியாது, அதான் நான் வந்தேன்."

அந்தப் பெண் மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்து, கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அப்படின்னா என்னையும் எழுதச் சொல்லுங்க" என்றாள்.

"கட்டாயம் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு, வேகமாக இறங்கினேன்.