கடைசிப் பக்கத்தை மாற்றி வாசிக்கும் அண்ணை

லண்டன் இல்ஃபோர்ட் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நாவல்களை வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். இன்று பின்னேரம் அங்கே ஓர் அண்ணை, கட்டட வேலையிலிருந்து நேரே வந்தவர், சப்பாத்தில் சீமெந்துகூடக் காயாமல், காதல் நாவல்களைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ரை மனுசிக்கு," என்றார், நான் கேட்காமலே.

ஒவ்வொன்றிலும் முப்பதாம் பக்கத்தை மட்டும் பார்த்தார். அங்கே அவர் போட்ட பென்சில் நட்சத்திரம் இருந்தால், ஏற்கெனவே எடுத்த புத்தகமாம்.

"பழைய கதையளிலை கதாநாயகன் அவளைக் கன்னத்திலை அறைவான், அவளுக்கு உடனை காதல் வரும். இப்பத்தையவன் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறான், அவள் டொக்டர். ஆனால் கடைசிப் பக்கத்திலை வேலையை விடுறது அவள்தான். எனக்குச் சரியான கோவம்."

"மனுசிக்கு எண்டு சொன்னியள்?"

"ஓம். அவ ஜேர்மனியிலை வளந்தவ, தமிழ் வாசிக்க ஏலாது. நான்தான் வாசிச்சுக் காட்டுறனான். கடைசிப் பக்கத்தை மட்டும் மாத்தி வாசிப்பன். எங்கட வீட்டிலை ஒரு கதாநாயகியும் இன்னும் வேலையை விடேல்லை."

நட்சத்திரம் போட்ட ஒன்றை நானும் எடுத்து வந்தேன், மனைவிக்கு.

அவளுக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும். கடைசித் தாளைக் கிழித்துவிட்டால் கடைக்காரர் கண்டுபிடிப்பாரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.