கட்டிலைக் கழற்ற வாங்கிய மெஷின்

எங்கள் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை அவளுடைய அம்மா உடப்புசல்லாவைக்குக் கூட்டிப்போய்விட்டார். ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் தனியாக வந்தேன். பாடசாலையில் ஒரு வாரம் லீவு கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரு ட்ரில் மெஷின் வாங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் மாமியார் போன் எடுத்தார்.

"மாப்பிள, சனிக்கிழமை மகளக் கூட்டிக்கிட்டு வாறேன். அதுக்குள்ள அந்தக் கட்டிலக் கழட்டி எங்கயாவது வச்சிருங்க. வந்ததும் அவ கண்ணுல அது பட வேணாம்."

"சரிங்க அத்த."

அந்தக் குழந்தைக் கட்டிலைக் கொழும்பிலிருந்து மனைவியின் அண்ணன் அனுப்பியிருந்தார். பெட்டி ரயிலில் வந்தது. பிள்ளை பிறக்கும் முன்பு அதைப் பிரிக்கவே கூடாது என்று அன்றைக்கு மாமியார் சொன்னார். நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அவர் அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர். தன்னுடைய மெஷினோடு வந்து, கால் மணி நேரத்தில் எல்லா ஸ்குரூவையும் இறுக்கிக் கட்டிலைப் பூட்டித் தந்தார். மனைவி பிளேன்டீ கொடுத்தாள். "புள்ள கெம்பஸ் படிக்கப் போற வரைக்கும் ஆடாது சேர்" என்று அவர் கட்டிலைப் பிடித்து உலுக்கிக் காட்டினார்.

பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னதைப் போனில் பேசும்போது மாமியார் எடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சாப்பிடுகிறேனா என்று மட்டும் கேட்டார்.

வீட்டிலிருந்த பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். முதல் ஸ்குரூ கழன்றது. இரண்டாவது அசையவில்லை. பலமாக அழுத்தித் திருப்பினேன். நுனி வழுக்கி, ஸ்குரூவின் தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து வட்டமாகிவிட்டது. மூன்றாவதும் அப்படித்தான். நாலாவதில் என் கை கிழிந்தது. இரத்தம் கட்டிலின் சட்டத்தில் பட்டது. துடைத்தேன். வலித்ததா என்று நினைவில்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மெஷினைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார், அவரே வருவார். பிள்ளையைப் புதைக்கத் தேயிலைத் தோட்டத்து மயானத்துக்கு என்னோடு வந்தவரும் அவர்தான். குழியை வெட்டியதும் அவர்தான். பூட்டிய கட்டிலைக் கழற்றவும் அவரைக் கூப்பிட என்னால் முடியவில்லை. கழன்று வந்த அந்த ஒரு ஸ்குரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

ஹட்டனில் நான் நுழைந்த ஹாட்வெயார் கடைக்கு அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், பூட்டு வாங்க. மெஷின்கள் இருக்கும் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார்.

"என்ன வேலைக்கு சேர்?"

"தட்டு அடிக்கணும். புத்தகம் வைக்க." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் அதுதான் வந்தது.

"செவரு கல்லா, சிமெந்து புளொக்கா?"

"புளொக்."

"அப்ப இது சரி வராது." பேனையைவிடக் கொஞ்சம் பருத்த ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரைத் தள்ளிவைத்தார். "இது மேசை, அலுமாரி இறுக்க மட்டும்தான். செவருல ஓட்ட போடாது. இது பன்னெண்டு வோல்ட், லேசா இருக்கும், பலகைக்குப் போதும். புளொக் செவருன்னா அடிச்சுக்கிட்டே துளைக்கிறது வேணும். இந்த இருபது வோல்ட்டப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்துப் பார்த்தேன். பாரம் கைப்பிடிக்குக் கீழே இருந்தது, பேட்டரியில். அவர் ஒரு பலகையை எடுத்து வைத்து, ஒரு ஸ்குரூவைக் கொடுத்து, இறக்கிப் பார்க்கச் சொன்னார். மெஷினின் கழுத்தில் இலக்கங்கள் எழுதிய வளையம் ஒன்று இருந்தது. அதைச் சின்ன இலக்கத்தில் வைத்தால் ஸ்குரூ ஓரளவு இறுகியதும் டக் டக்கென்று சத்தம் போட்டு நின்றுவிடும், அதற்கு மேல் இறுக்காது என்றார். "இதத் தெரியாம எல்லாரும் பெரிய நம்பர்ல வச்சு இறுக்கிருவாங்க. பொறகு கழட்ட முடியாது."

எனக்கு அந்தக் கடையில் நிற்பது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்வதும் சரியில்லை. அங்கே நிற்பது சுலபமாக இருந்தது. அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. எத்தனை பேட்டரி வேண்டும், எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்க வேண்டும், காபன் தேயாத மோட்டாரா சாதாரண மோட்டாரா. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். அவருடைய மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது, அது ஓரிடத்தில் நைந்திருந்தது. வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றிருப்பேன்.

"ஸ்குரூவோட தல தேஞ்சு போயிருந்தா என்ன செய்றது?" என்று கேட்டேன்.

"கழட்டவா?"

"ஆமா. ஒரு பழைய கட்டில்."

"ஒரு ரப்பர் பேண்ட தலைக்கு மேல வச்சு, அதுக்கு மேல நுனிய வச்சு அழுத்தி, மெதுவா ரிவர்ஸ்ல சுத்துங்க. முக்காவாசி வந்துரும். வராததத் தலையத் துளைச்சு எடுத்துறலாம். அளவு பாக்க ஒண்ணு கொண்டாந்தீங்களா?"

பையிலிருந்த ஸ்குரூவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதே அளவில் ஒரு பெட்டி எடுத்து வைத்தார். தேய்ந்ததைத் திரும்பப் பூட்டக் கூடாதாம்.

அப்போது பின்னாலிருந்து யாரோ "சேர்!" என்றார்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் அம்மா. கொழுந்து பறிக்கிறவர், கூரைக்குப் போடத் தறப்பாள் வாங்க வந்திருந்தார்.

"அக்காவுக்கு என்ன மாதிரி சேர்? பொறந்திருச்சா?"

"இன்னும் இல்லங்க" என்றேன்.

"பொம்பளப் புள்ளயாத்தான் இருக்கும் பாருங்க. போன மாசம் அக்கா மொகத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

நான் தலையை ஆட்டினேன். அவர் தறப்பாளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து, விஷயம் தெரிந்தபின், பாடசாலை கேட்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, "ஏன் சேர் எங்கிட்ட அப்புடிச் சொன்னீங்க?" என்று கேட்டு அழுதார்.

எங்கள் பேச்சைக் கேட்டு நின்ற கடைக்காரப் பெண்ணின் முகம் அன்றைக்கு மலர்ந்துவிட்டது. "புள்ளக் கட்டிலா சேர்? மொதல்லயே சொல்லியிருக்கலாமே." உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். வெள்ளை நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் மூடிகள். "ஸ்குரூ தலைக்கு மேல இத ஒட்டி விடுங்க. புள்ள கை பட்டாலும் கிழிக்காது. இது சும்மா, காசு வேணாம்." நான் நன்றி சொன்னேன். பில்லில் பெயர் எழுத வேண்டும் என்றார், சொன்னேன். இருபது வோல்ட் மெஷினையே வாங்கினேன். தட்டு அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேனே, அதனால்.

வீட்டுக்கு வந்து பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். சிவப்பு லைட் பச்சையாகும்வரை கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னபடி ரப்பர் பேண்ட் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டைத் தவிர எல்லாம் வந்தன. அந்த இரண்டின் தலைகளையும் துளைத்து எடுத்தேன். பலகைகளைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். தரையைக் கூட்டினேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிபோல அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மனைவி நேராக அறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன். கட்டில் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு கழட்டுனது?"

"நான்தான்."

"உங்களுக்கு பல்பு மாத்தவே எதிர்வீட்டு அண்ணன் வரணும்."

மேசையிலிருந்த மெஷினைக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. எங்கள் பெரிய கட்டில்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தாள்.

"நான் வந்து கழட்டலாம்னு இருந்தேன்" என்றாள்.

"அத்ததான் சொன்னாங்க, நீ பாக்க வேணாம்னு."

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. நான் பாக்க வேணாம், பாக்க வேணாம்னு. ஆஸ்பத்திரியிலயும் நான் பாக்கல. ஏன் காட்டலன்னு அம்மாகிட்ட கேட்டேன். மாப்பிள வேணாம்னு சொல்லிட்டாருன்னாங்க."

அது உண்மை. மனைவி மயக்கத்தில் இருந்தபோது தாதி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். பிள்ளையின் அம்மா விழித்ததும் அவருக்கும் காட்டட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். "எபா" என்றேன். வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு சொல். அவர் தயங்கி நின்று இன்னொரு தடவையும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நினைத்தேனா என்பதும் நிச்சயமில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த மூட்டையை இறக்கினேன். விரிப்பைத் தரையில் பிரித்தேன்.

மாமியார் வாசலில் வந்து நின்றார். "என்ன மாப்பிள செய்றீங்க? அத ஏன் இப்ப எடுக்குறீங்க?"

"அம்மா, நீங்க கொஞ்சம் குசினியில இருங்க" என்றாள் மனைவி. அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், போய்விட்டார்.

புதிய ஸ்குரூக்களைப் போட்டு மறுபடியும் கட்டிலைப் பூட்டினேன். வளையத்தை நாலாம் இலக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு ஸ்குரூவும் டக் டக்கென்று நின்றது. எதிர்வீட்டுக்காரருக்குக் கால் மணி நேரம் எடுத்த வேலை எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஒரு பக்கத்துச் சட்டத்தை மாற்றிப் பூட்டி, திரும்பக் கழற்ற வேண்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கட்டிலை அதே மூலையில் தள்ளி வைத்தேன். அவள் எழுந்து வந்து மேல்சட்டத்தில் கையை வைத்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள். குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"எப்புடிப் பிடிக்கிறது?" என்று கேட்டாள்.

மெஷினைக் கையில் கொடுத்தேன். பேட்டரிக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். விரலுக்கு மேலே இருக்கும் பொத்தானை இந்தப் பக்கம் தள்ளினால் கழலும், அந்தப் பக்கம் தள்ளினால் இறுகும் என்றேன். கடையில் அந்தப் பெண் சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முதல் ஸ்குரூவில் நுனியை வைத்து அழுத்தினாள். ஸ்குரூ சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவள் மடியில் விழுந்தது.

ஒரு பக்கம் முழுவதும் அவளே கழற்றினாள். நான் சட்டம் சாயாமல் பிடித்துக்கொண்டேன். மற்றப் பக்கத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"யாரு மாதிரி இருந்துச்சு?"

"மூக்கு உன்னோடது."

"முடி?"

"நெறைய. ஈரமா, நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கண்ணு மூடி இருந்துச்சு. கை இப்புடி மடிஞ்சு இருந்துச்சு." என் கையை மடித்துக் காட்டினேன்.

"நகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தூக்குனீங்களா?"

"தூக்குனேன்."

"பாரமா?"

"இந்த மெஷின் அளவு இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவள் மடியிலிருந்த மெஷினைக் குனிந்து பார்த்தாள். இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியிலும் உடப்புசல்லாவையிலும் அவள் அழவே இல்லை என்று மாமியார் பிறகு சொன்னார். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். விட்டால் அவள்மேல் சாய்ந்துவிடும். எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்றிருந்தது. ஆனால் வரவில்லை.

"எனக்குக் காட்டியிருக்கணும்" என்றாள்.

"காட்டியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மிச்ச ஸ்குரூக்களைக் கழற்றினாள். இருவரும் சேர்ந்து பலகைகளை விரிப்பில் சுற்றினோம். முடிச்சை அவள் போட்டாள்.

அழுகை வராத அந்த மரத்துப்போன நிலை என்னை லேசில் விடவில்லை. பாடசாலைக்குப் போனேன், பாடம் எடுத்தேன், பரீட்சைத் தாள் திருத்தினேன். பிள்ளைகள் சிரித்தால் நானும் சிரித்தேன். ஐந்தாறு மாதம் அப்படியே போனது. அது எந்த நாளில் விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. கட்டிலைக் கொத்மலையிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் ஓர் ஆசிரியைக்கு மனைவியே கொடுத்தாள். அவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் கொடுத்தாள்.

ஆனால் அவள் வந்த மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். காலையில் அவள் தலை சீவிக்கொண்டு வந்து, "எந்த எடம்னு காட்டுங்க" என்றாள். மயானம் தேயிலை மலைக்கு மேலே இருக்கிறது. அவளால் ஏற முடியாது என்று மாமியார் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல என் வாய் திறந்தது, மூடிக்கொண்டேன். படிகளில் நின்று நின்று ஏறினோம். கொழுந்து எடுக்காத நாள், மலையில் யாரும் இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் இடத்தைக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரர் மண்மேல் நாலைந்து கல் அடுக்கியிருந்தார். அவள் குனிந்து ஒரு கல்லைச் சரியாக வைத்தாள். மழை தூற ஆரம்பித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், மெதுவாக இறங்கினோம்.